அம்மன் நிறுத்தின டிராக்டர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கிக்கொண்டே இருந்தேன். எழுத உட்காருவேன், பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்துவிடுவேன். சோம்பல் இல்லை, பயம்தான். கிணத்துக்கடவுக்குக் கிழக்கே ஓர் ஊரில், மாரியம்மன் நோம்பித் திருவிழா அன்று, வெறி பிடித்துக் கத்திய டிராக்டரை அம்மனே நிறுத்தினாள் என்று ஒரு கதை சொல்கிறார்கள். அந்த டிராக்டரைப் பிரித்து மாட்டியவன் நான். அன்றைக்கு அதன் பக்கத்தில் நின்றவனும் நான்தான். நடந்ததை நடந்தபடி எழுதினால் அம்மன் பேரைக் குறைத்தவன் ஆகிவிடுவேனோ என்று மனசு அடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை விளக்குப் பார்க்காமல் சோற்றில் கை வைக்காதவன் நான். என் வீட்டுக்காரியும், "சாமி வெசயத்துல நீங்க எதுக்குங்க ஸ்பேனரைப் போடறீங்க?" என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் போன மாதம் ஒரு போன் வந்தது. புதிதாகப் பட்டறை போட்டிருக்கும் ஒரு தம்பி. அவன் பேச்சுக்குப் பின்னால் ஓர் இன்ஜின் உயிர் போகிற மாதிரி கதறிக்கொண்டிருந்தது.

"ஏனுங் மேஸ்திரி, வண்டி தன்னால ரேஸ் ஆகுதுங்க. சுவிட்சை இழுத்தாலும் நிக்க மாட்டீங்குது. உங்க வீடியோவைப் பாத்திருக்கறனுங்க. எந்தக் கோயல் தட்டு வெக்கோணுமுங்க?"

"எந்தக் கோயல் தட்டும் வேண்டாம் கண்ணு! கையில கெடைக்கற பலகையை எடுத்துக் காத்து போற வாயை அடை! அடைடா!"

அடைத்தான், நின்றது. அப்புறம் விசாரித்தால், அதற்குள் கற்பூரம் வாங்க ஓர் ஆளை வண்டியில் அனுப்பிவிட்டிருக்கிறான்.

வீடியோ என்று அவன் சொன்னது வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒன்று. அதில் நான் ஒரு தட்டோடு ஓடுவதும் டிராக்டர் அடங்குவதும் மட்டும்தான் இருக்கும். மேலே யாரோ பம்பைச் சத்தம் சேர்த்து, "நம்பினால் நம்புங்கள்" என்று எழுதிவிட்டிருக்கிறார்கள். போனை வைத்ததும் வீட்டுக்காரியைப் பார்த்தேன். "எழுதிப்போடுங்க," என்றாள். "இல்லீன்னா எவனாச்சும் தட்டைத் தேடீட்டுக் கோயலுக்கு ஓடுவான். இங்க இஞ்சின் வெடிச்சுப்போயிரும்."

ஆகவே, இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிகளே, இப்போது ஒன்றிரண்டு அம்மணிகளும் ஸ்பேனர் பிடிக்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நான் எட்டாவது வரைதான் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

அண்ணன் தம்பி இரண்டு பேர். இருவரும் நல்லபடியாக இருக்கிறார்கள் என்பதால் நிஜப்பெயர் வேண்டாம். அண்ணனைச் சுப்பண்ணன் என்றும் தம்பியை நடராசன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தைப் பாகம் பிரித்தபோது கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. நம் பக்கம் எல்லோரும் செய்கிறபடி தண்ணீருக்கு முறை வைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாள் அண்ணன் முறை, கொஞ்ச நாள் தம்பி முறை. அப்பா வாங்கிவைத்த டிராக்டரையும் பிரிக்க முடியாது அல்லவா? அதற்கும் அதே முறையைப் போட்டார்கள்.

கிணற்றுக்கு முறை சரிதான். ஊற்று தன்னால் ஊறும். டிராக்டரில் ஆயில் தன்னால் ஊறாது.

அண்ணன் சொல்வார்: "நா ஆயில் மாத்திப்போட்டு, நாளைக்கு என்ற முறை முடிஞ்சா, புது ஆயில்ல ஓட்டறது அவனுங்களா?" தம்பியும் எழுத்து மாறாமல் அதையே சொல்வார். இப்படி இரண்டு பேரும் புது ஆயிலை அடுத்தவன் அனுபவித்துவிடக்கூடாது என்று பார்த்துப் பார்த்து, பழைய ஆயில் தார் மாதிரி ஆகிவிட்டது. நேரில் பேச்சுவார்த்தை கிடையாது. முறை முடிந்தால் சாவியை மோட்டார் ரூம் ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். ஒருநாள் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. அண்ணன் முறையிலா, தம்பி முறையிலா என்பது இன்றைக்கு வரைக்கும் தீராத வழக்கு. வீம்புக்கு ஆளுக்கொரு புது டிராக்டர் வாங்கிக்கொண்டார்கள். பழையது தென்னந்தோப்பில் கீற்றுக் கொட்டகைக்குள் போய்விட்டது.

அப்படியே துருப்பிடித்துப் போயிருக்கும். ஆனால் அந்த ஊர் மாரியம்மன் நோம்பியில் சப்பரம் இழுக்கிற முறை இவர்கள் குடும்பத்துக்கு. தாத்தா காலத்தில் இவர்கள் வீட்டு எருதுகள் இழுத்தன. அப்பா காலத்தில் இந்த டிராக்டர் இழுத்தது. வண்டி நின்ற பிறகு வாடகை டிராக்டர் வந்தது. அண்ணன் தன் புது வண்டியைக் கொண்டுவருகிறேன் என்றால், "முறை அப்பன் வண்டிக்குத்தானே, அவன் வண்டிக்கா?" என்று தம்பி மறித்தார். தம்பி கொண்டுவருகிறேன் என்றால் அண்ணன் மறித்தார். கடைசியில் தர்மகர்த்தா நோம்பி சாட்டி அறிவித்த அன்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"இந்த நோம்பிக்கு உங்கப்பன் வண்டி வந்தா முறை உங்களுது. வல்லீன்னா வேற ஊட்டுக்குக் குடுத்துப்போடுவோம். அப்புறமேட்டுக்கு வந்து எங்களைக் கேக்கப்படாது."

அன்று சாயங்காலமே இரண்டு பேரும் தனித்தனி பைக்கில் என் பட்டறைக்கு வந்துவிட்டார்கள். மறுநாள் காலையில் தோப்புக்குப் போனேன். ஸீட்டில் ஒரு கோழி அடை உட்கார்ந்திருந்தது. சைலன்சருக்குள் அணில் தேங்காய் நாரை அடைத்துக் குடியிருந்தது. முன்சக்கரத்தில் காற்றில்லை. வண்டிக்கு அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் தம்பி. நடுவில் நான்.

"மேஸ்திரி, அவுங்களைக் கேளுங்க, பேட்டரி எங்க போச்சுன்னு," என்றார் அண்ணன். தம்பி ஒரு முழ தூரத்தில்தான் நிற்கிறார்.

"மேஸ்திரி, அவுங்களுக்குச் சொல்லுங்க, பேட்டரி செத்துப்போச்சுன்னு அவுங்க முறையிலயே சொல்லியாச்சுன்னு."

"யாரு மூலமாச் சொன்னாங்களாமா?"

"மோட்டார் ரூம் செவுத்துல கரில எழுதி வெச்சனுங்க."

"வெள்ளை அடிச்சுப்போட்டனே, அதுக்கு நா என்னுங்க பண்றது?"

கோழி மட்டும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

இறுகின இன்ஜினை எப்படி இளக்கினேன் என்பதை விவரமாக எழுதவில்லை. அதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஒன்று மட்டும் சொல்கிறேன். அண்ணன், "என்ற புது வண்டியைக் கட்டி இழுத்தா சுத்தீருமுங்க, கெளப்பட்டுங்களா?" என்றார். நோம்பிக்கு நாள் நெருங்குகிறது, ஊரே பார்க்கிறது. ஆனாலும் வேண்டாம் என்றேன். இறுகினதை இழுத்துச் சுற்றினால் உள்ளே ராடு வளையும். எண்ணெயை ஊற்றி ஊறவிட்டு, தினமும் போய் ஒரு விரல் அளவு அசைகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். ஒருநாள் காலையில் அசைந்தது. கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டேன். அவசரம் வண்டிக்காரருடையதாக இருக்கலாம், நம்முடையதாக இருக்கக்கூடாது.

அப்புறம் வண்டி பட்டறைக்கு வந்தது. பட்டறைக்கு வருவதிலும் அவர்கள் முறை வைத்துக்கொண்டார்கள் என்றால் நம்புவீர்களா? அண்ணன் வருகிற நாளில் தம்பி வரமாட்டார். வந்தவர் முதலில் கேட்பது, "நேத்து என்னுங்க சொன்னான்?" என்பது. இரண்டாவது, "சாமி காரியம், நா கையால செய்யறதுக்கு எதாச்சும் சொல்லுங்க மேஸ்திரி" என்பது.

பழைய வண்டிகளில் ஏர் கிளீனருக்கு அடியில் ஒரு கிண்ணம் இருக்கும். கிண்ணத்தில் ஆயில். காற்று அந்த ஆயிலைத் தொட்டுக்கொண்டு இன்ஜினுக்குள் போகும்போது தூசியெல்லாம் ஆயிலில் ஒட்டிக்கொள்ளும். கிண்ணத்தில் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு வரைக்கும் ஆயில். நான் அண்ணனிடம் சொன்னேன்: "வேற எதையும் பாக்காட்டிப் போகுது, இந்தக் கிண்ணத்து ஆயிலைப் பாத்துக்குங்க. மண்ணுல ஓடற வண்டிக்கு இதுதானுங்க உசுரு." மறுநாள் வந்த தம்பியிடமும் அதையே சொன்னேன். இருவரும் கையைக் கட்டிக்கொண்டு, தீர்த்தம் வாங்குகிறவர்கள் மாதிரி கேட்டுக்கொண்டார்கள்.

இரண்டு முதலாளி இருக்கிற வண்டிக்கு எதைச் சொன்னாலும் இரண்டு பேரையும் ஒன்றாக நிறுத்தி வைத்துச் சொல்ல வேண்டும். இது உங்களுக்கு.

பெயிண்ட் அடித்து, முன்னால் "மாரியம்மன் துணை" என்று எழுதினோம். இருவரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அந்த எழுத்துதான். நோம்பிக்கு முதல் நாள் நானே ஓட்டிக்கொண்டுபோய்க் கோயில் முன்னால் நிறுத்தினேன். வழியில் ஒரு இருமல் இல்லை, ஒரு புகை இல்லை. கிண்ணத்து ஆயில் கோட்டில் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை நான் போய்ச் சேர்ந்தபோது டிராக்டருக்கு இரண்டு தடவை சந்தனம் பூசியிருந்தது. அண்ணன் வந்து கழுவிப் பூசிவிட்டுப் போன பிறகு, தம்பி வந்து அதைக் கழுவிவிட்டுத் தான் ஒருமுறை பூசியிருக்கிறார். மாலையும் இரண்டு. எலுமிச்சம்பழம்கூட ஒரு சக்கரத்துக்கு இரண்டு. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மாலையை இரட்டிப்பாகப் போட்டவர்கள் வேறு எதையெல்லாம் இரட்டிப்பாகப் போட்டார்களோ என்று கேட்கத் தோன்றவில்லை. கும்பிட்டுக்கொண்டு நின்றுவிட்டேன்.

டிரெய்லர் மேல் சப்பரம் ஜோடித்து, அம்மன் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பூசாரி, கையில் பெரிய பித்தளைத் தட்டு. கற்பூரம் காட்டி முடித்துக் குங்குமமும் திருநீறும் கொடுத்துக்கொண்டிருந்தார். முன்னால் பம்பைக்காரர்கள். அவர்களுக்கு முன்னால் பெண்கள், குழந்தைகள், நோம்பிக்கு வெளியூரிலிருந்து வந்த ஒறம்பரை சனம். வண்டிக்கும் அவர்களுக்கும் நடுவில் பத்தடிகூட இடைவெளி இல்லை. ஸீட்டில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மூத்தவர் என்பதால் ஓட்டுவது அவர். தம்பி கொஞ்சம் தள்ளி, எங்கேயோ பார்ப்பது போல் இதையே பார்த்துக்கொண்டு நின்றார். எதிர்ச் சந்தில் வாடகை டிராக்டரும் தயாராக நின்றது. தர்மகர்த்தா எதற்கும் இருக்கட்டும் என்று சொல்லிவைத்திருந்தார்.

வண்டி ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆனது. பம்பை கிளம்பியது. அந்த ஊர் வழக்கப்படி அம்மனுக்கு முன்னால் ஒரு முழு ரேஸ் கொடுக்க வேண்டும். அண்ணன் ஆக்சிலேட்டரை முழுசாக இழுத்தார்.

ரேஸ் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. அண்ணன் ஆக்சிலேட்டரை விட்டார், அப்போதும் ஏறியது. சைலன்சரிலிருந்து நீலமாகப் புகை கிளம்பிக் கோபுரத்தை மறைத்தது. வண்டி நின்ற இடத்தில் நடுங்கியது. மாலைகள் ஆடின. பானெட் மேல் பூசின சந்தனம் பொத்துப் பொத்தென்று உதிர்ந்தது. அண்ணன் இன்ஜினை நிறுத்துகிற கம்பியை இழுத்தார். கம்பி கடைசி வரைக்கும் வந்தது, இன்ஜின் நிற்கவில்லை.

"அருள் வந்திருச்சு! டிராக்டருக்கு அருள் வந்திருச்சு!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

அவ்வளவுதான். பம்பைக்காரர்கள் அடியைக் கூட்டினார்கள். அருள் வந்தால் கூட்டித்தானே அடிக்க வேண்டும்? வருஷா வருஷம் முதல் அருள் வருகிறது மாராக்காளுக்கு. அந்தம்மா தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு தயாராக நின்றவர், அப்படியே நின்றுவிட்டார். "எனக்கு வாறதுக்கு முந்தி இதுக்கு வந்திருச்சா?" என்று அவர் பக்கத்துப் பெண்ணிடம் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. ஆனாலும் அனுபவசாலி. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு டிராக்டரின் முன்னால் வந்து நின்று, "யாரு வந்திருக்கறது? சொல்லு ஆத்தா! என்ன கொறை வெச்சோம்?" என்று கேட்டார்.

டிராக்டர் இன்னும் உரக்கக் கத்தியது.

தம்பிகளே, எழுதும்போது நீளமாகத் தெரிகிறது. நடந்தது வெற்றிலை மடிக்கிற நேரம்தான். மதுக்கரைப் பக்கம் ஒரு கம்ப்ரசர் இன்ஜின் இப்படித் தன்னால் ஓடி வெடித்த இடத்தை முன்னொரு காலத்தில் பார்த்திருக்கிறேன். கூரைத் தகட்டில் ஒரு தலை நுழைகிற அளவு ஓட்டை. இங்கே கூரை இல்லை. சனம்தான் இருந்தது.

கியரைப் போட்டுப் பிரேக்கை மிதித்தால் அணையும். ஆனால் ஒரு கணம் தப்பினால் அம்மனோடு சேர்ந்து வண்டி கூட்டத்துக்குள் பாயும். அது ஆகாது. "கியரைத் தொடாதீங்க! கிளட்ச்சை உடாதீங்க!" என்று அண்ணனைப் பார்த்துக் கத்தினேன். டீசல் நின்றும் ஓடுகிறது என்றால் வேறு எதையோ குடித்து ஓடுகிறது. எதைக் குடித்தாலும் காற்று இல்லாமல் எரியாது. காற்றை அடைக்க வேண்டும். பானெட் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் குழாயின் மூடியை இழுத்துப் பிடுங்கினேன். எதை வைத்து அடைப்பது? கையை வைக்கக்கூடாது, இழுத்துக்கொள்ளும். தோளில் துண்டு இருக்கிறது. துணியை வைத்தால் உள்ளே போய்விடும். தட்டையாக, கெட்டியாக ஏதாவது வேண்டும். சுற்றிலும் பார்க்கிறேன், பூ, மாலை, வாழைமரம், இளநீர். ஒன்றுகூடத் தட்டையாக இல்லை.

அந்த நேரத்தில்தான் மாராக்காள் மறுபடியும், "கொறையைச் சொல்லு ஆத்தா!" என்று கேட்க, ஸீட்டில் இருந்த அண்ணன் அழாத குறையாகக் கும்பிட்டார்.

"நா ஒரு கொறையும் வெக்கலியே ஆத்தா! காத்தால வந்து கிண்ணத்துல ஆயில்கூட கோட்டுக்கு மேலதான ஊத்தினேன்!"

கீழே நின்ற தம்பி தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஐயோ ஆத்தா, நானும் ஊத்தினேனே! வெளக்குக்கு ஊத்தறாப்பல தளும்பத் தளும்ப ஊத்தினேனே!"

அப்போது விளங்கியது. சாமி காரியத்துக்குக் குறையாக இருக்கக்கூடாது என்று அண்ணன் ஊற்றியிருக்கிறார். அவர் ஊற்றின பிறகு திறந்து பார்த்த தம்பி, அண்ணன் ஊற்றினது எனக்கு எப்படிக் கணக்காகும் என்று தன் பங்குக்கு விளிம்பு வரை ஊற்றியிருக்கிறார். முழு ரேஸ் கொடுத்ததும் இன்ஜின் காற்றோடு சேர்த்து அந்த ஆயிலையும் உறிஞ்சி, அதையே எரித்துக்கொண்டு ஓடுகிறது.

நிமிர்ந்தேன். டிரெய்லர் மேலே பூசாரி. அவர் கையில் தட்டு. ஓடிப்போய் இழுத்தேன்.

"மேஸ்திரி! கையெல்லாம் கிரீஸுங்க!" என்றார் பூசாரி, விடாமல்.

"அம்மன் மன்னிச்சுக்குவாங்க, உடுங்க!"

குங்குமம் திருநீறு இருந்தபடியே தட்டைக் கொண்டுபோய்க் குழாய் வாயில் அப்படியே உட்கார வைத்தேன். சப்பென்று பிடித்துக்கொண்டது. இன்ஜின் ஒரு தடவை விக்கியது. இன்னொரு தடவை விக்கியது. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடங்கிவிட்டது. தட்டில் இருந்த திருநீற்றில் ஒரு பொட்டுக்கூடக் கீழே சிந்தவில்லை.

பம்பை நின்றது. ஊரே நின்றது. பூசாரிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அம்மன் மலையேறிட்டாங்க," என்றார்.

கூட்டம் முழுக்க டிராக்டர் முன்னால் விழுந்து கும்பிட்டது. நானும் விழுந்தேன்.

ஆனால் காரியம் முடியவில்லை. தர்மகர்த்தா வந்தார். "போதும் சாமி. வாடகை வண்டியை மாட்டுங்க," என்றார். சந்தில் நின்றவன் வண்டியைக் கிளப்பிவிட்டான். அப்போது அண்ணன் ஸீட்டிலிருந்து இறங்கித் தம்பியைப் பார்த்தார், தம்பி அண்ணனைப் பார்த்தார். தாத்தா காலத்து முறை போகப்போகிறது. இருவருக்கும் ஒரே முகமாக இருந்தது. அன்றைக்குத்தான் அவர்கள் அண்ணன் தம்பி என்று எனக்குத் தெரிந்தது.

வண்டியில் உடைசல் இல்லை, ஆயில் கூடிப்போனதுதான் என்று எனக்குத் தெரியும். அவர்கள் வாயால் சொல்லியிருக்காவிட்டால் நானே வாடகை வண்டியை மாட்டச் சொல்லியிருப்பேன். தெரியாத நோய்க்கு அம்மனை வைத்துப் பரீட்சை பார்க்கக்கூடாது. தெரிந்த நோய் என்பதால் துணிந்தேன். துணிந்தாலும் அவசரப்படவில்லை.

"பூவோட்டுத் தீச்சட்டி எடுக்கறவங்க கோயலைச் சுத்தி வாற வரைக்கும் டைம் குடுங்க," என்றேன்.

"திருப்பி அருள் வந்துபோட்டா?" என்றார் தர்மகர்த்தா.

ஆயில் கூடிப்போச்சுங்க என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இவ்வளவு பெரிய அதிசயத்தை ஆயில் என்கிறானே என்கிற பார்வை. வாதாட நேரமில்லை. "அப்பிடியே வந்தாலும், தட்டு கூடவே வரட்டுமுங்க," என்றேன். அது அவருக்குச் சமாதானமாக இருந்தது. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

அம்மன் இருக்கிற டிரெய்லரைக் கழற்றி விட்டோம். டிராக்டரை ஆளில்லாத பக்கமாகத் தள்ள வேண்டும். அண்ணன் ஒரு சக்கரத்தில், தம்பி மறு சக்கரத்தில். கிண்ணத்தைக் கழற்றிக் கொட்டினேன், குழாயைத் துடைத்தேன், துடைத்ததையே மறுபடி துடைத்தேன். இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தி, கோடு வரைக்கும் ஊற்றிக் காட்டினேன். அப்புறம் அண்ணனை ஸீட்டில் ஏற்றினேன். தம்பி கையில் தட்டைக் கொடுத்துக் காற்றுக் குழாய் பக்கத்தில் நிறுத்தினேன்.

"அவரு ஆக்சிலேட்டரை உட்டும் சத்தம் ஏறுச்சுன்னா, நீங்க தட்டை வெக்கோணும். யோசிக்கப்படாது."

அண்ணன் சாவியில் கையை வைத்துவிட்டுத் தயங்கினார். பல வருஷத்துக்குப் பிறகு, என் மூலமாக இல்லாமல், நேராகப் பேசினார்.

"நடராசு... தட்டைச் சரியாப் புடிச்சுக்க."

"நா புடிச்சுக்கறேண்ணா. நீ ரேஸ் குடுக்காத."

ஸ்டார்ட் ஆனது. கொஞ்சம் புகைந்தது, மிச்ச ஆயில். அப்புறம் புகை வெளுத்து, சத்தம் சீராகி, குழந்தை தூங்குகிற மாதிரி ஓடியது. டிரெய்லரை மாட்டும்போது பூவோடு எடுத்தவர்கள் கடைசித் திருப்பத்தில் வந்துகொண்டிருந்தார்கள்.

சப்பரம் கிளம்பியது. அண்ணன் ஓட்ட, தம்பி பானெட் பக்கத்தில் தட்டோடு நடந்தார். தட்டில் திருநீறு இருக்கிறதைப் பார்த்த சனம் சும்மா இருக்குமா? ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தம்பியை மறித்துக்கொண்டார்கள்.

"டேய், தட்டைக் காலியா வெய்யிடா! அருள் வந்தா என்ன பண்ணுவ?"

"சனங்க திருநீறு கேக்கறாங்கண்ணா! இல்லீன்னு எப்பிடிச் சொல்றது?"

"அப்ப வெசையாக் குடுத்துப்போட்டு வா!"

"நீ மொதல்ல ரோட்டைப் பாரு! குழியில உடாத!"

ஊர் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். அதைக் கேட்டுக்கொண்டு பின்னால் நடந்தேன். அம்மனுக்கும் கேட்டிருக்கும்.

அந்த முறை அவர்களிடமே இருக்கிறது. அந்த டிராக்டர்தான் இன்றைக்கும் இழுக்கிறது. ஆனால் ஒரு புது வழக்கம் சேர்ந்துவிட்டது. சப்பரம் போகும்போது ஒருவர் பித்தளைத் தட்டோடு காற்றுக் குழாய் பக்கத்தில் நடந்துவர வேண்டும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கேட்டால் ஆதி காலத்து ஐதீகம் என்று சொல்கிறார்கள். அண்ணன் தம்பி இதற்கும் முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நோம்பிக்கு அண்ணன் ஓட்ட, தம்பி தட்டு. அடுத்த நோம்பிக்கு மாற்றி. மாராக்காளுக்கு மட்டும் இன்னும் வருத்தம் தீரவில்லை. வண்டி கிளம்புவதற்கு முன்னாலேயே அருள் வந்துவிடுகிறது, எதற்கு வம்பு என்று. மற்ற நாளில் அண்ணனும் தம்பியும் பேசுவார்களா என்று கேட்காதீர்கள். கிணற்று முறை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஏர் கிளீனர் கிண்ணத்தைத் திறப்பதென்றால் இரண்டு பேரும் வந்து, இருவர் கண் முன்னால்தான் திறக்கிறார்கள்.

இப்போது அம்மன் விஷயம். நிறுத்தியது காற்றடைப்புதான், சந்தேகமே வேண்டாம். எந்தத் தட்டும் நிறுத்தும், சாப்பாட்டுத் தட்டும் நிறுத்தும். ஆனால் எல்லாம் உருண்டையாக இருந்த அந்த இடத்தில் ஒரே ஒரு தட்டையான பொருள் என் கண் எதிரில் இருந்தது. ஒருவரிடம் ஒருவர் வாயே திறக்காத இரண்டு பேர் தேவையான நேரத்தில் வாயைத் திறந்தார்கள். அதை நான் பட்டறையில் கற்றுக்கொள்ளவில்லை. தினமும் விளக்கேற்றும்போது அதற்கு மட்டும் தனியாக ஒரு கும்பிடு போடுகிறேன். இதை எழுதி முடித்த பிறகு அம்மனைப் பார்க்கப் போனேன். கோபமாக இருக்கிற மாதிரி தெரியவில்லை.

தம்பிகளே, அம்மணிகளே, இதை உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள். பம்பைச் சத்தம் சேர்க்க வேண்டாம். அம்மனே குழாயை அடைத்தாள் என்று ஏற்றிச் சொல்ல வேண்டாம். அம்மன் அங்கே இல்லவே இல்லை என்று இறக்கியும் சொல்ல வேண்டாம். சாமி காரியம் என்று ஆளாளுக்குக் கொஞ்சம் ஊற்றினால் என்ன ஆகும் என்று பார்த்தீர்கள் அல்லவா? இந்தக் கதையிலும் நான் கோடு வரைக்கும்தான் ஊற்றியிருக்கிறேன். அப்படியே மூடி, அப்படியே கொடுத்துவிடுங்கள்.